அணைந்ததாகத் தெரிந்த வெளிச்சம்

மோன்றியால்
16 செப்டம்பர் 1962

அன்புள்ள அக்கா அர்மாந்தினுக்கு,

தம்பி தெலார் எழுதுவது. நான் சுகம். மோன்-லூயியில் நீயும் ஃபெர்னாந் அத்தானும் கெய்த்தானும் அப்படியே இருக்க வேண்டும். உன் இடுப்பு வலி குறைந்ததா? நீ அனுப்பிய உப்புமீன் வந்தது. வீட்டுக்காரி மதாம் பூலான் அந்த வாடைக்காகவே வாடகையை ஏற்றப்போவதாக மிரட்டினாள். மறுநாள் அவளே வந்து ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போனாள்.

"இருபத்தெட்டு வயசாச்சு, கல்யாணமும் பண்ணாம இருட்டறையில உக்காந்து என்னதான்டா பண்றே?" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதில் நைட்ரஜன் ஓடுகிறது. நாம் இழுக்கும் மூச்சில் முக்கால் பங்கு அதுதான். யாரோடும் ஒட்டாத சோம்பேறி வாயு. குழாயின் ஒரு முனையில் மின்சாரத்தால் அடித்தால் அது பிளந்து தனித்தனி அணுவாகிறது. தனி அணு பொல்லாதது; தொட்டதோடெல்லாம் வினை புரியும். மின்சாரம் எட்டாத தூரத்துக்கு ஓடி வந்த பிறகும், அந்த அணுக்கள் மறுபடி ஜோடி சேரும்போது குழாய் பொன் நிறத்தில் ஒளிர்கிறது. அந்த அணுக்களை எண்ணுவதுதான் என் வேலை.

வேறொரு வாயுவைச் சிறுகச் சிறுக உள்ளே விடுவேன். அதன் ஒரு துகள் ஓர் அணுவைத் தின்னும். பொன் மங்கி நீலமாகும். கடைசி அணுவும் தீர்ந்ததும் குழாய் இருண்டுவிடும். மேலும் விட்டால் பச்சை. இருண்ட நேரத்தில் எவ்வளவு வாயு விட்டிருந்தேனோ, அத்தனை அணு. ஆறு வருஷமாக இதை என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். இப்போது பேராசிரியர் கார்மைக்கேல் ஒளியை அளக்க ஒரு கருவி வாங்கியிருக்கிறார். அதைக் கவனிக்க ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த திபோர் என்பவன் சேர்ந்திருக்கிறான். "இனிமே உன் கண்ணுக்கு ரெஸ்ட்" என்கிறான் என்னிடம்! பார்க்கலாம்.

உன் பிள்ளை கெய்த்தான் விமானப்படையில் சேரப் போட்ட மனு என்ன ஆயிற்று? அவனுக்கு மாமாவின் முத்தம்.

உன் தம்பி,
தெலார்

*

மோன்-லூயி
5 அக்டோபர் 1962

என் தம்பி தெலாருக்கு,

கடவுள் கருணையால் எல்லோரும் சுகம். இடுப்பு வலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "இருட்டாகுற வரைக்கும் பாத்துக்கிட்டிருக்க இவனுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா? நான் தினம் சும்மாதானே பாக்குறேன்?" என்கிறார். மீன் இந்த வருஷம் குறைவு, அந்த எரிச்சல்.

கெய்த்தானுக்கு மார்ச் மாதம் கியூபெக்கில் உடல் பரிசோதனை. அதில் தேறினால் விமானம் ஓட்டப் பழக்குவார்களாம். இப்போதே வீட்டுக்குள் கை இரண்டையும் விரித்துக்கொண்டு நடக்கிறான், பத்தொன்பது வயதுத் தடியன். அத்தானுக்கு அவன் படகில் இருக்க வேண்டும். எனக்கு அவன் எங்கே இருந்தாலும் உயிரோடு இருந்தால் போதும்.

ஒன்று கேட்கிறேன். உன் கையெழுத்துக்கு என்ன வந்தது? வரிகள் எல்லாம் மலைச்சரிவில் இறங்கி ஓடுகின்றன. குடித்துவிட்டு எழுதாதே.

அக்கா,
அர்மாந்தின்

*

மோன்றியால்
4 நவம்பர் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. இந்தத் திபோரோடு எனக்குத் தினமும் சண்டை.

ஒரே குழாய், ஒரே வாயு, ஒரே மின்சாரம். என் கண் ஓர் எண்ணிக்கை சொல்கிறது. அவன் கருவி ஒளியை அளந்து அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. சின்ன வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். ஏறக்குறைய இரண்டு பங்கு!

"தெலார், நீ சீக்கிரமே நிறுத்திடுறே. இன்னும் நீலம் எரியுது," என்றான் நேற்று.

"எங்க எரியுது? உன் மெஷினுக்கு ஜுரம் வந்திருக்கு, போய்ப் படுக்க வை."

"மெஷினோட ஊசி பொய் சொல்லாதுப்பா."

"ஊசிக்கு வயசு ரெண்டு மாசம். என் கண்ணுக்கு இந்தக் குழாயோட ஆறு வருஷப் பழக்கம்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை. குழாயைக் கழற்றிக் கழுவினேன், இணைப்புகளை எல்லாம் மாற்றினேன். எண்ணிக்கை ஏறவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
தெலார்

*

மோன்-லூயி
19 நவம்பர் 1962

தெலாருக்கு,

நாங்கள் சுகம். அந்த ஹங்கேரிக்காரனை நம்பாதே. உன் இடத்தைப் பிடிக்க வந்தவன், உன் எண்ணிக்கை தப்பு என்றுதானே சொல்வான்! நம் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவனை வாசலிலேயே வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கண்ணாலே பார்த்ததைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? உன் பேராசிரியரிடம் நேராகப் பேசு. நாலு பேரைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டு. உண்மை தெரிந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா? உனக்காகப் பன்றி இறைச்சிப் பணியாரம் ஆறு செய்து உறைபனியில் வைக்கப்போகிறேன்.

அக்கா

*

மோன்றியால்
9 டிசம்பர் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ சொன்னபடியே நாலு பேரைக் கூப்பிட்டார்கள். கருவி சொல்வதுதான் சரி. நான்தான் தவறாகப் பார்த்திருக்கிறேன். அந்த விஷயம் முடிந்தது.

கிறிஸ்துமஸுக்கு வர இயலாது. வேலை இருக்கிறது.

ஒன்று தெரிய வேண்டும். நம் ஒனெசிம் மாமாவுக்குக் கண் எப்படிப் போயிற்று? அவர் குடித்ததை யாராவது நேரில் பார்த்தார்களா? அப்போது அவருக்கு வயது என்ன? ஞாபகம் இருப்பதை எழுது. காரணம் ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்கிறேன்.

தெலார்

*

மோன்-லூயி
17 டிசம்பர் 1962

தெலாருக்கு,

பத்து வரிக் கடிதம். அதில் பாதி, செத்தவரைப்போல நாம் மறந்துவிட்ட மனிதரைப் பற்றி. உனக்கு என்ன ஆயிற்று?

கேட்டாய், சொல்கிறேன். அம்மாவின் தம்பிக்கு அப்போது இருபத்துமூன்று, இருபத்துநாலு இருக்கும். நான் சின்னப் பெண். அந்தக் காலத்தில் இந்தக் கரை முழுக்கக் கள்ளச்சாராயம் இறங்கிக்கொண்டிருந்தது. கெட்ட சரக்கைக் குடித்துப் பக்கத்து ஊரில் இரண்டு பேருக்குக் கண் போயிற்று. கொஞ்ச நாளில் மாமாவுக்கும் போயிற்று. பிறகு கேட்க என்ன இருக்கிறது? "குடிகாரனுக்கு என் வீட்டுல இடமில்ல" என்று அம்மா கதவைச் சாத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெளியே நின்று அவர், "நான் குடிக்கலக்கா, சத்தியமா குடிக்கலக்கா" என்று அழுதார். குடிப்பவர்கள் எல்லோரும் அதைத்தானே சொல்வார்கள்! இப்போது ரிமுஸ்கியில் கன்னியர் மடத்து இல்லத்தில் இருக்கிறார் என்று கேள்வி.

ஏன் கேட்கிறாய்? பதில் எழுது. பணியாரத்தைத் தபாலில் அனுப்ப முடியாது. கெய்த்தான் இப்போதே இரண்டை முடித்துவிட்டான்.

அக்கா

*

மோன்றியால்
24 ஜனவரி 1963

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ ஆசிகள். பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. நான் நலமே. கையில் சுளுக்கு, அதனால் நண்பன் ஒருவன் எழுத, நான் சொல்கிறேன்.

கெய்த்தான் சிகரெட் பிடிக்கிறானா? பிடித்தால் நிறுத்தச் சொல். பீர்கூட வேண்டாம். மாமா கண்டிப்பாகச் சொன்னார் என்று சொல். விமானப்படைப் பரிசோதனையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தாலும் நல்லது, அவசரம் என்ன? அவன் கண்ணுக்கு ஏதாவது சிரமம் என்று சொன்னானா? வெயில், பனி, எதனாலாவது?

இதையெல்லாம் ஏன் கேட்கிறேன் என்று குடையாதே, அக்கா. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
தெலார்

*

மோன்-லூயி
17 பிப்ரவரி 1963

தெலார்,

நலம் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை.

சுளுக்கு என்கிறாய். கையெழுத்துப் போட்டது உன் கைதான். அது தாளின் விளிம்பைத் தாண்டி வெளியே போயிருக்கிறது. கண் என்கிறாய், மாமா என்கிறாய், கெய்த்தான் என்கிறாய். மூன்று இரவு தூங்காமல் இருந்துவிட்டு, அத்தானிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி ரிமுஸ்கிக்குப் பஸ் ஏறினேன்.

ஒனெசிம் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தாறு வயதுதான், எழுபது போல இருக்கிறார். நான் யார் என்று சொன்னேன். முகத்தை என் பக்கம் திருப்பினார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்கு அப்பால் யாரோ நிற்பதுபோல அங்கே பார்த்தார். நான்கூடத் திரும்பிப் பார்த்தேன். "ஓரமா பாத்தாதான் கொஞ்சம் தெரியும்மா. நடுவுல ஒண்ணும் கிடையாது," என்றார்.

"மாமா, நிஜத்தைச் சொல்லுங்க. குடிச்சீங்களா?"

அவர் சிரித்தார், தெலார். முப்பது வருஷம் கழித்து ஒருத்தி வந்து கேட்கிறாள் என்று சிரித்தார்.

"வாயில வச்சதில்ல. ஒருநாள் வலை முடிச்சு மங்கலாத் தெரிஞ்சுது. வலது கண்ணுல. வலியே இல்ல. ரெண்டு மாசத்துல இடதும் போச்சு. உங்கம்மா தப்பில்ல, ஊரே அப்படித்தான் சொல்லிச்சு. கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, தூக்கத்துல குடிச்சிருப்பேனோன்னு."

அந்த அறையில் நிற்க என்னால் முடியவில்லை. மடத்துச் சகோதரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தெலார், உன் கண்ணுக்கு என்ன? மறைக்காமல் எழுது. எழுத முடியாவிட்டால் உன் நண்பனை எழுதச் சொல். உனக்கு என்ன என்று மட்டும் இல்லை. என் பிள்ளைக்கு என்ன என்பதையும் எழுது.

அர்மாந்தின்

*

மோன்றியால்
26 பிப்ரவரி 1963

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதுகிறவன் திபோர். நீ திட்டிய அதே ஹங்கேரிக்காரன். டிசம்பரிலிருந்து என்னைக் கைப்பிடித்துத் தெருவைக் கடக்க வைப்பவனும் அவன்தான்.

எல்லாவற்றையும் சொல்கிறேன். அன்று பேராசிரியர் நாலு பேரை அறைக்குள் கூட்டி வந்தார். அலுவலகத்துப் பெண் ஒருத்தி, பம்ப் பழுதுபார்க்கும் ஆள், இரண்டு மாணவர்கள். விளக்கை அணைத்தார்கள். நான் வாயுவைத் திறந்துகொண்டே போய், "இருண்டாச்சு," என்றேன்.

"நல்லா பாத்துச் சொல்லு, தெலார்," என்றான் திபோர்.

"இருட்டுதான். கும்மிருட்டு."

பம்ப் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: "இன்னும் எரியுதுங்களே, நீலமா."

மற்ற மூவரும் ஆமாம் என்றார்கள். அவர்கள் நால்வரும் சொன்ன இடத்தில்தான் கருவியின் ஊசியும் விழுந்தது. பேராசிரியர் என்னைத் தனியாக அழைத்துப்போய் ஒரு கண்ணை மூடச் சொன்னார். இடது கண்ணை மூடினேன். அவருக்கு முகம் இல்லை, அக்கா. காதுகள் இருந்தன, கழுத்துப்பட்டை இருந்தது, நடுவே சாம்பல் நிறத்தில் ஓர் ஓட்டை. மறு கண்ணிலும் அப்போதே மங்கல் தொடங்கியிருந்தது.

பிறகு திபோர் என் பழைய அளவுகளை எல்லாம் அடுக்கிப் பார்த்தான். ஆறு வருஷம் அசையாத எண்ணிக்கை ஆகஸ்டிலிருந்து வாரா வாரம் இறங்கியிருந்தது. பம்ப் தேய்ந்துவிட்டது, அணுக்கள் குறைகின்றன என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அணுக்கள் அத்தனையும் அங்கேயே இருந்தன. என் கண் போய்க்கொண்டிருந்ததைத்தான் நான் என் கையாலேயே அளந்து எழுதி வந்திருக்கிறேன்.

கண் டாக்டர் கேட்டார்: "அம்மா வழியில இளவயசுல பார்வை போன ஆண்பிள்ளை யாராவது உண்டா?" "இல்லை," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மாடிப்படியில் இறங்கும்போது மாமாவின் ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

இது அம்மா வழியாகப் பிள்ளைகளுக்கு வருகிறது. பெண்களை அதிகம் தொடுவதில்லை. அவர்கள் பெறும் ஆண்பிள்ளைகளைப் பிடிக்கிறது. எல்லோரையும் அல்ல. வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இளவயதில் வரும். மருந்து இல்லை. புகையும் மதுவும் கூடாது என்கிறார், அதுவும் ஒரு ஊகமாக. கெய்த்தானுக்கு வரலாம், வராமலே போகலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் மூன்று மாதம் சுற்றி வளைத்தேன்.

உன் தம்பி,
தெலார்

மதாம், இது திபோரின் சொந்த வரி. கருவியை இவருக்கு எதிராக நிறுத்தியதற்காக இவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். என்னைத் திட்டினார். திட்டும் அளவுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறார்.

*

மோன்-லூயி
10 மார்ச் 1963

தெலாருக்கு,

உன் கடிதத்தைப் பால்கறக்கும் கொட்டிலில் நின்று வாசித்தேன். அத்தானிடம் சொன்னேன். கெய்த்தானிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரு வாரம் தள்ளிப்போட்டோம்.

நேற்று மத்தியானம் பட்டாணி சூப் ஊற்றினேன். கெய்த்தான் எதிரே உட்கார்ந்து ஏதோ சிரிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவன் என் காதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

அந்தப் பார்வையை நான் ரிமுஸ்கியில் பார்த்திருக்கிறேன்.

"என்னை நேராப் பாருடா."

"பாத்துக்கிட்டுதானேம்மா இருக்கேன்."

"இடது கண்ணை மூடிக்கிட்டு என் மூக்கைப் பாரு."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். சிரிப்பு போய்விட்டது.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"புது வருஷத்துலேர்ந்து. வலது மட்டும்தான்மா. இடது நல்லா இருக்கு. ரெண்டு கண்ணையும் திறந்து பழகிட்டா யாருக்கும் தெரியாது."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா பிளேன் ஓட்ட விடமாட்டாங்க."

அத்தான் கோட்டுகூடப் போடாமல் பனிக்குள் இறங்கிப் போய்விட்டார். படகு கவிழ்த்து வைத்திருக்கும் இடத்தில் நெடுநேரம் நின்றார். நான் கெய்த்தானின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்; அழுகைகூட வரவில்லை. அவனோ என் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அம்மா தன் தம்பியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அந்த நோய் தன் தாயிடமிருந்து தனக்கும் வந்து, தன் மகனுக்கும் பேரனுக்கும் போகப்போகிறது என்று அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் அத்தான் ரிமுஸ்கி போய் மாமாவைக் கூட்டி வருகிறார். மேல்மாடி அறையைத் துடைத்துவிட்டேன்.

கெய்த்தான் உன்னிடம் வர வேண்டும் என்கிறான். டாக்டருக்காக இல்லையாம். நீ எழுதிய அந்தக் குழாயைப் பார்க்க வேண்டுமாம், பார்க்க முடியும்போதே. நான் என்ன சொல்ல?

அக்கா

*

மோன்றியால்
21 ஏப்ரல் 1963

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கெய்த்தானும் நலம். அவன் செவ்வாய்க்கிழமை ரயிலேறுகிறான். மதாம் பூலான் அவனுக்குத் தினமும் இரண்டு முட்டை கூடுதலாகப் பொரித்துத் தருகிறாள். எனக்கு ஆறு வருஷத்தில் ஒன்றுகூடத் தந்ததில்லை. மாமா வந்து சேர்ந்தது அறிந்து நிம்மதி. அத்தானோடு சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார் என்று எழுதியிருந்தாய். அவரால் எப்படி ஏமாற்ற முடிகிறது என்று திபோருக்கு விளங்கவே இல்லை.

டாக்டர் கெய்த்தானைப் பார்த்தார். அதேதான், அக்கா. வலது கண் திரும்பாது. இடது கண் இன்று முழுதாக இருக்கிறது. வாரங்களோ மாதங்களோ, அவரால் சொல்ல முடியவில்லை. விமானப்படைக்கு இவனே கடிதம் எழுதிவிட்டான், வரவில்லை என்று. தபாலில் போட்டுவிட்டு வந்து நேராகப் படுத்துக்கொண்டான்.

என்னைப் பேராசிரியர் வேலையை விட்டு அனுப்பவில்லை. கணக்குகளை வாயால் சொல்கிறேன், திபோர் எழுதுகிறான். இனி ஒளியின் அளவை வைத்தே அணுக்களை எண்ணிவிடலாம். யார் கண்ணும் தேவையில்லை. அதை விளக்கும் கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது. என் தவறான அளவுகளையும் போட வேண்டும் என்றேன். போட்டிருக்கிறார்கள்.

நேற்று கெய்த்தானைக் குழாயின் முன் உட்கார வைத்தோம். விளக்கை அணைத்ததும் பொன் நிறம் பரவியது. எனக்கு ஓரத்தில் மட்டும். அவன் மூச்சை இழுத்த சத்தத்தில் மீதி தெரிந்தது. வாயுத் திருகை அவன் கையில் கொடுத்து, "அணைஞ்சதும் சொல்லு," என்றேன். மெல்லத் திருகிக்கொண்டே போனான். "இன்னும் இருக்கு... இன்னும் இருக்கு... நீலமா இருக்கு, மாமா..." பிறகு, "இப்போ!" என்றான்.

திபோர் ஊசியைப் பார்த்தான். மயிரிழை பிசகவில்லை.

கெய்த்தான் மறுபடி பொன்னைக் கொண்டுவரச் சொன்னான். கொண்டுவந்தோம். அவன் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்க்கிறான் என்று திபோர் என் காதில் சொன்னான். கேட்கலாமா வேண்டாமா என்று திணறிக் கடைசியில் கேட்டுவிட்டேன்: "எப்படிடா இருக்கு?"

"நடுவுல இருட்டு, மாமா," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஓரத்துல எரியுது," என்றான். திபோர் மின்சாரத்தை நிறுத்தப் போனபோது, "விடுங்க சார், கொஞ்ச நேரம் எரியட்டும்," என்றான்.

உன் தம்பி,
தெலார்